சட்டங்களின் கதை – 14: அமலுக்கு வராத சட்டம்

இதுவரை: 1858-ல் அமெரிக்காவும் ஐரோப்பிய வல்லரசுகளும் ஜப்பானின் கையை முறுக்கி ஒப்பந்தங்கள் போட்டன. ஜப்பான் மண்ணில் ஒரு வெள்ளைக்காரர் குற்றம் செய்தால் அவரை ஜப்பானிய நீதிபதி விசாரிக்க முடியாது. அவருடைய நாட்டுத் தூதர்தான் விசாரிப்பார். ஏன் என்று கேட்டால், ‘உங்கள் சட்டம் காட்டுமிராண்டிச் சட்டம்’ என்று பதில் வந்தது. மேற்கத்திய பாணியில் சட்டம் எழுதினால்தான் இந்த அவமானம் தீரும் என்று முடிவு செய்தார், 1872-ல் நீதி அமைச்சரான எத்தோ ஷிம்பெய். பிரெஞ்சுச் சட்டத்தை அவசர அவசரமாக மொழிபெயர்க்கச் சொன்னார். இரண்டே வருடங்களில் அவரே ஒரு கலகத்துக்குத் தலைமை தாங்கிப் பிடிபட்டார். 1874 ஏப்ரலில், தீர்ப்புச் சொன்ன அன்றே அவர் தலையை வெட்டி ஊர் பார்க்க வைத்தார்கள்.

அவர் போய்விட்டார். அவருடைய அவசரம் மட்டும் போகவில்லை.

•

தோக்கியோ, ஏப்ரல் 1875.

நீதி அமைச்சகக் கட்டடம். உள்ளே ஐம்பது வயதை நெருங்கிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் வேலையில் இருக்கிறார். பெயர் குஸ்தாவ் புவாசொனாட். பாரிஸில் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். அங்கே படிக்கவந்த ஜப்பானிய அதிகாரிகளுக்கு வகுப்பெடுத்த பழக்கத்தில், 1873-ல் சம்பளம் பேசி அழைத்துவரப்பட்டவர்.

பக்கத்திலிருந்து முனகல் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்க் கதவைத் திறக்கிறார்.

ஒரு மனிதனைக் கூர்விளிம்புள்ள மரக்கட்டைகளின் மேல் முழங்காலிட வைத்திருக்கிறார்கள். தொடையின் மேல் பாரமான கற்பலகைகள். அருகிலேயே அதிகாரிகள். இதில் ஒளிவுமறைவே இல்லை. எல்லாம் முறைப்படி நடக்கிறது.

புவாசொனாட் அழுதுவிட்டார் என்பார்கள். கற்களை எடுக்கச் சொல்லிக் கத்தினார். பிறகு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார்: இது நிற்காவிட்டால் நான் ஊருக்குக் கிளம்புகிறேன்.

இதை ஏதோ போலீஸ் அத்துமீறல் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. அன்றைய ஜப்பானிய நடைமுறையில் ஒருவரைத் தண்டிக்க அவருடைய ஒப்புதல் வாக்குமூலம் தேவை. சாட்சிகள் எத்தனை இருந்தாலும், ‘நான்தான் செய்தேன்’ என்று அவர் வாயாலேயே வரவேண்டும். வராவிட்டால் வரவழைக்க வேண்டும். கல் அதற்குத்தான்.

ஐரோப்பா இதைப் பார்த்து முகம் சுளித்தது. ஆனால் புவாசொனாட்டின் சொந்த நாடு விசாரணைச் சித்திரவதையை முழுதாகக் கைவிட்டது 1788-ல்தான். காரணமும் இதேதான். ரோமானிய, திருச்சபைச் சட்டங்களின் வழியில் வந்த நீதிமன்றங்களும் ஒப்புதல் வாக்குமூலத்தைத்தான் உச்ச ஆதாரமாகக் கொண்டிருந்தன. இங்கிலாந்தில் அந்தத் தேவை அவ்வளவாக எழவில்லை. அங்கே ஜூரிகள் பன்னிரண்டு பேர் நம்பினால் போதும். குற்றவாளி ஒப்புக்கொண்டாலும் சரி, மறுத்தாலும் சரி. ஆங்கிலேயரின் மனம் இளகியது என்பதைவிட, அவர்களுடைய நடைமுறைக்கு வாக்குமூலம் அவசியப்படவில்லை என்பதே பொருத்தம்.

புவாசொனாட்டின் கடிதம் வேலை செய்தது. 1876-ல், தண்டனைக்கு ஆதாரம் போதும், வாக்குமூலம் வேண்டாம் என்று விதி மாறியது. 1879-ல் சித்திரவதை சட்டப்படி ஒழிந்தது. அவர் எழுதிய வரைவிலிருந்து பிறந்த தண்டனைச் சட்டமும் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் 1882-ல் அமலுக்கு வந்தன. சாமுராய்க்கு ஒரு தண்டனை, சாமானியனுக்கு ஒரு தண்டனை என்பது போயிற்று.

அடுத்தது சிவில் சட்டம். சொத்து, கடன், ஒப்பந்தம், கல்யாணம், வாரிசு. 1879-ல் அந்த வேலையும் அவரிடமே வந்தது. இரண்டு மூன்று வருடங்களில் முடியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

•

அக்டோபர் 24, 1886. நோர்மன்டன் என்ற ஆங்கிலேயச் சரக்குக் கப்பல், யோக்கோஹாமாவிலிருந்து கோபேக்குப் போகும் வழியில் பாறையில் மோதி மூழ்கியது.

கேப்டன் டிரேக்கும் ஐரோப்பிய மாலுமிகளும் படகுகளில் ஏறிக் கரை சேர்ந்தார்கள். கப்பலில் இருந்த ஜப்பானியப் பயணிகள் 25 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கொதிகலனுக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்த இந்தியர்களும் செத்தார்கள். அவர்களைப் பற்றி அன்று யாரும் அதிகம் பேசவில்லை.

விசாரித்தது யார்? கோபேயில் இருந்த ஆங்கிலேயத் தூதர். கேப்டன் மேல் குற்றம் இல்லை என்றார்.

ஜப்பான் கொதித்தது. பத்திரிகைகள் நிதி திரட்டின, ஊருக்கு ஊர் கூட்டம், தெருவில் பாட்டு. அரசாங்கம் மறுபடி வழக்குப் போட்டது. யோக்கோஹாமாவில் இருந்த ஆங்கிலேய நீதிமன்றம் இந்தத் தடவை டிரேக் குற்றவாளிதான் என்று தீர்மானித்து மூன்று மாதச் சிறை கொடுத்தது. நஷ்டஈடு கிடையாது.

1858-ன் அந்த ஷரத்து என்ன செய்யும் என்று படிக்காத மீனவருக்கும் அன்று விளங்கிவிட்டது. அதுவரை அதிகாரிகளின் கவலையாக இருந்த ‘சட்டம் எழுதும் வேலை’ தெருவுக்கு வந்தது.

வெளியுறவு அமைச்சர் இனோவே கவோரு அப்போது வல்லரசுகளோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். 1887-ல் ஓர் உடன்பாடு உருவானது. தூதர் நீதிமன்றங்கள் போகும். பதிலுக்கு ஜப்பான் மேற்கத்திய கோட்பாடுகளின்படி சட்டங்கள் இயற்றவேண்டும். அத்தோடு, வெளிநாட்டவர் சம்பந்தப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் ஜப்பானிய நீதிமன்றங்களில் பெரும்பான்மை நீதிபதிகள் வெளிநாட்டவராக இருக்கவேண்டும்.

இதை எதிர்த்து முதலில் எழுந்த பெரிய குரல் ஒரு ஜப்பானியருடையது அல்ல. புவாசொனாட்டுடையது. இருப்பதைவிட இது மோசம் என்று கருத்துரை எழுதிக் கொடுத்தார். இப்போதாவது துறைமுக நகரங்களோடு அவமானம் நிற்கிறது, நாளைக்கு நாடு முழுக்கப் பரவும் என்பது அவர் வாதம். ரகசியக் கருத்துரை கசிந்தது. கள்ளத்தனமாக அச்சடித்து விநியோகித்தார்கள். செப்டம்பரில் இனோவே பதவி விலகினார்.

அடுத்து வந்தவர் ஒக்குமா ஷிகெநோபு. அவர், உச்ச நீதிமன்றத்தில் மட்டும் வெளிநாட்டு நீதிபதிகள் இருக்கட்டும் என்று இறங்கிவந்தார். 1889 அக்டோபர் 18 அன்று அவருடைய வண்டி மேல் வெடிகுண்டு விழுந்தது. வலது காலை எடுக்கவேண்டியதாயிற்று. எறிந்த இளைஞன் அங்கேயே தற்கொலை செய்துகொண்டான். பேச்சுவார்த்தையும் அதோடு முடிந்தது.

ஆக, சட்டம் சீக்கிரம் வேண்டும் என்றால் தேசத்துரோகி. வேண்டாம் என்றால் அவமானம் தொடரும். இப்படி ஒரு இக்கட்டில்தான் 1890-ல் புதிய சிவில் சட்டம் வெளியானது. பதினொரு வருட உழைப்பு. 1893 ஜனவரி 1 முதல் அமல் என்று தேதியும் குறித்தாயிற்று.

•

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு சம்பந்திச் சண்டை வந்த கதை இனிமேல்தான்.

தோக்கியோவில் சட்டம் படிக்க இரண்டு வழிகள் இருந்தன. நீதி அமைச்சகம் நடத்திய பள்ளி ஒன்று. அங்கே பிரெஞ்சு மொழியில் பிரெஞ்சுச் சட்டம். இன்னொன்று தோக்கியோ பல்கலைக்கழகம். அங்கே ஆங்கிலத்தில் ஆங்கிலச் சட்டம். 1880-களில் இந்த இரண்டையும் பின்பற்றித் தனியார் கல்லூரிகள் முளைத்தன. இன்றைய மெய்ஜி, ஹோசெய் பல்கலைக்கழகங்களின் வேர் பிரெஞ்சுப் பக்கம். 1885-ல் தொடங்கிய ‘ஆங்கிலச் சட்டப் பள்ளி’தான் இன்றைய சுவோ பல்கலைக்கழகம்.

இரண்டு படிப்புக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வீடு விற்பனையை எடுத்துக்கொள்வோம்.

விற்பவரும் வாங்குபவரும் பேசி, விலை படிந்துவிட்டது. பணம் இன்னும் கைமாறவில்லை, சாவியும் தரவில்லை. வீடு இப்போது யாருடையது?

பிரெஞ்சுச் சட்டம் சொல்லும்: வாங்கியவருடையது. பொருளும் விலையும் ஒத்துப்போன அந்தக் கணமே உரிமை மாறிவிட்டது. பதிவு எல்லாம் மூன்றாம் ஆளிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளத்தான்.

பிரஷ்யாவின் 1872-ஆம் வருடச் சட்டம் சொல்லும்: இல்லை. பேசியது வேறு, உரிமை மாறுவது வேறு. நிலப் பதிவேட்டில் பெயர் ஏறும்வரை வீடு பழைய சொந்தக்காரருடையதே.

ஆங்கில வக்கீலிடம் கேட்டால் உடனே பதில் வராது. எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? முத்திரை வைத்த பத்திரம் ஆகிவிட்டதா? ஆகவில்லை என்றால், சட்டப்படி விற்றவர் கையில், நியாயப்படி வாங்கியவருக்கும் ஓர் உரிமை. எந்த நீதிபதி எந்த வழக்கில் என்ன சொன்னார் என்று அலமாரியிலிருந்து புத்தகம் இறங்கும். நம் ஊர் வக்கீல் ஆபீஸ்களில் சுவர் தெரியாமல் அடுக்கியிருக்கும் தீர்ப்புத் தொகுதிகள் அந்த வம்சம்தான். நம்முடைய மெட்ராஸ் லா ஜர்னல் தொடங்கிய 1891-ல் ஜப்பானில் இந்தச் சண்டை உச்சத்தில் இருந்தது.

இதில் ஆங்கிலத் தரப்புக்கு ஒரு சங்கடம் உண்டு. நூற்றாண்டுகளாகக் குவிந்த தீர்ப்புகளை எப்படி இறக்குமதி செய்வது? பிரெஞ்சுச் சட்டத்தைக் கப்பலில் ஒரே பெட்டியில் கொண்டுவரலாம். ஆங்கிலச் சட்டத்துக்கு நீதிபதிகளும் வக்கீல்களும் அவர்களுடைய பழக்கவழக்கமும் சேர்ந்து வரவேண்டும். வெள்ளைக்காரன் நம்மிடம் கொண்டுவந்தபோதுகூட 1860-ல் தண்டனைச் சட்டத்தைத் தொகுப்பாக எழுதித்தானே கொடுத்தான்? தன் நாட்டில் அதைச் செய்யவில்லை.

ஆகவே ஆங்கிலத் தரப்பு ‘எங்கள் சட்டத்தை எடுங்கள்’ என்று கேட்கவில்லை. ‘இந்தச் சட்டத்தைத் தள்ளிவையுங்கள்’ என்று கேட்டது. 1889 மே மாதமே பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டதாரிகள் சங்கம் அறிக்கை விட்டது. அறிக்கையில் சரக்கும் இருந்தது. சிவில் சட்டத்தை எழுதியவர் பிரெஞ்சுக்காரர். வணிகச் சட்டத்தை எழுதியவர் ஹெர்மான் ரோஸ்லர் என்ற ஜெர்மானியர். இருவரும் தனித்தனியே எழுதியதில் ஒரே விஷயத்துக்கு இரண்டு விதிகள் மோதிக்கொண்டன. புவாசொனாட் வாத்தியார் வேறு. பல பிரிவுகளில் விதியோடு விளக்கமும் சேர்ந்து பாடப்புத்தக வாடை அடித்தது.

எல்லாம் சரி. ஆனால் யாரும் உரக்கச் சொல்லாத ஒன்றும் இருந்தது. இந்தச் சட்டம் அமலுக்கு வந்தால், மறுநாளே நீதிமன்றங்களில் பிரெஞ்சுப் பள்ளிக்காரர்கள் ராஜா. ஆங்கிலம் படித்தவர்கள் முதல் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். தேசத்தின் பண்பாட்டைப் பற்றி எழுதிய பல கட்டுரைகளில் சோற்றுப் பிரச்சினையும் கலந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

•

அந்தச் சண்டையைக் குடும்பங்களின் கூடத்துக்குக் கொண்டுபோனவர் ஹொசுமி யட்சுகா.

முப்பதைத் தாண்டிய வயது. ஜெர்மனியில் படித்துத் திரும்பியவர். ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியலமைப்புச் சட்டப் பேராசிரியர். 1891-ல் ஒரு சட்ட இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே வெடி. சிவில் சட்டம் வந்தால் ராஜபக்தியும் பெற்றோர்பக்தியும் அழியும் என்பது அதன் பொருள்.

வாதம் இதுதான்: ஜப்பான் முன்னோரை வணங்கும் தேசம். இங்கே அடிப்படை அலகு தனிமனிதன் அல்ல, வீடு. வீட்டுக்குத் தலைவர், நாட்டுக்குச் சக்கரவர்த்தி. ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. கிறிஸ்தவம் வந்து வீட்டு தெய்வங்களை விரட்டியபின் தனிமனிதர்கள்தான் மிஞ்சினார்கள். அந்தத் தனிமனிதர்களுக்காக எழுதிய சட்டத்தை இங்கே கொண்டுவந்தால் வீடு இடியும், அதன்பின் நாடு இடியும்.

சட்டம் படிக்காதவர்களுக்கும் புரிந்தது. அந்தத் தலைப்பு வாயிலிருந்து வாய்க்குப் பரவியது.

இங்கே நாம் கொஞ்சம் நிற்கவேண்டும். ஏனென்றால் வேடிக்கை இதில்தான். புவாசொனாட் எழுதியது சொத்தையும் ஒப்பந்தத்தையும் பற்றி. கல்யாணம், குடும்பம், வாரிசு பற்றிய பகுதிகளை வெளிநாட்டவர் தொடக்கூடாது என்று முதலிலேயே ஒதுக்கிவைத்து, ஜப்பானியர்களிடம்தான் கொடுத்திருந்தார்கள். அந்த வரைவிலும் தாராளமாக இருந்த பல இடங்களை மேலே இருந்தவர்கள் வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். வெளியான சட்டத்தில் குடும்பத் தலைவர் தன் நாற்காலியில் பத்திரமாகவே உட்கார்ந்திருந்தார். வீடு இடிக்கும் சட்டம் என்று கூவியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்துப் பார்த்தார்களோ!

பிரெஞ்சுத் தரப்பில் நின்று பதில் சொன்னவர்களில் கூர்மையானவர் உமே கென்ஜிரோ. பிரான்ஸில் லியோன் நகரில் டாக்டர் பட்டம் வாங்கி 1890-ல் திரும்பியவர். சட்டத்தில் குறை உண்டு என்று அவரும் ஒப்புக்கொண்டார். குறையோடு அமல்படுத்துங்கள், பிறகு திருத்துங்கள் என்றார். சட்டமே இல்லாமல் ஒவ்வொரு நீதிபதியும் மனசாட்சிப்படி தீர்ப்பு எழுதுவதைவிட அது மேல். தவிர, சட்டம் இல்லாதவரை எந்த வல்லரசும் பழைய ஒப்பந்தத்தைக் கிழிக்கப் போவதில்லை.

பல்கலைக்கழகத் தரப்பின் மூத்த தலை ஹொசுமி நொபுஷிகே. லண்டனிலும் பெர்லினிலும் படித்தவர், யட்சுகாவின் சொந்த அண்ணன். தம்பியைப்போல இவர் முழங்கவில்லை. ஜெர்மனியில் 1814-ல் திபோ என்ற பேராசிரியர் நாடு முழுக்க ஒரே சட்டத்தொகுப்பு வேண்டும் என்று கேட்டதையும், சட்டம் மொழியைப்போல மக்களிடமிருந்து வளரவேண்டும், அவசரப்பட்டு எழுதக்கூடாது என்று சவின்யி தடுத்ததையும் ஆறாவது அத்தியாயத்தில் பார்த்தோம். அதே நாடகம்தான் தோக்கியோவில் மறுபடி நடக்கிறது என்று நொபுஷிகே சொன்னார். ஒரு வித்தியாசத்தை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். சவின்யியின் கழுத்தில் யாரும் ஒப்பந்தக் கத்தியை வைத்திருக்கவில்லை.

•

மே 1892. மேலவை.

ஜப்பானிய நாடாளுமன்றத்துக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்குத்தான் ஓட்டு. மேலவையிலோ பிரபுக்களும் நியமன உறுப்பினர்களும். சிவில் சட்டத்தையும் வணிகச் சட்டத்தையும் தள்ளிவைக்கும் மசோதா அங்கேதான் முதலில் வந்தது.

பிரெஞ்சுத் தரப்பு கணக்குப் போட்டுப் பார்த்தது. பழமைவாதிகள் எதிர்ப்பார்கள், தெரியும். ஆங்கிலப் பள்ளிக்காரர்கள் எதிர்ப்பார்கள், தெரியும். பிரெஞ்சு படித்தவர்களாவது கூட நிற்பார்கள் அல்லவா?

தொமீ மசாஅக்கி எழுந்தார். உமேயைப் போலவே லியோனில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பிரெஞ்சுச் சட்டத்தில் ஊறியவர். அவர் பேசியது மசோதாவுக்கு ஆதரவாக!

அவருக்கு முன்னோர் வழிபாட்டைப் பற்றிக் கவலை இல்லை. பிரெஞ்சுச் சட்டம் 1804-ல் எழுதியது. அதற்குப்பின் ஐரோப்பியச் சட்டவியல் வெகுதூரம் போய்விட்டது. ஜெர்மனி புதிய சிவில் சட்டத்துக்கு வரைவு வெளியிட்டிருக்கிறது. உலகமே அதைப் படித்துக்கொண்டிருக்கும்போது, தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய தையலில் ஜப்பான் ஏன் சட்டை தைக்கவேண்டும் என்பது அவர் கேள்வியின் சாரம்.

வெளியாள் சொன்னால் பொறாமை எனலாம். வீட்டுப்பிள்ளையே சொன்னால்?

மேலவையில் மசோதா பெரும்பான்மையோடு நிறைவேறியது. ஜூனில் கீழவையும் ஆமோதித்தது. நவம்பரில் சட்டமாகவே வெளியானது: 1896 டிசம்பர் 31 வரை தள்ளிவைப்பு, அதற்குள் திருத்தம். அமலுக்கு வர ஐந்தே வாரங்கள் இருந்தன.

புவாசொனாட்டுக்கு அப்போது 67 வயது. மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்து இருபதாவது வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். கல்லின் அடியிலிருந்து ஒரு மனிதனை எழுப்பியவருடைய பெரிய புத்தகம், ஒருநாள்கூட அமலில் இருக்கப்போவதில்லை.

•

மார்ச் 1893. பிரதமர் இத்தோ ஹிரோபூமியின் தலைமையில் சட்டத்தொகுப்பு ஆய்வுக் குழு அமைந்தது. இத்தோ தந்திரக்காரர். சண்டை போட்டவர்களைப் பிரித்துவைக்காமல் ஒரே மேசையில் உட்காரவைத்தார்.

வரைவு எழுத மூன்று பேர். தள்ளிவைக்கச் சொன்ன ஹொசுமி நொபுஷிகே. தள்ளிவைக்காதே என்று போராடிய உமே. பிரெஞ்சு முகாமிலிருந்து எழுந்துபோன தொமீ.

பெயருக்குப் பழைய சட்டத்தைத் திருத்தும் வேலை. மேசை மேல் புவாசொனாட்டின் புத்தகமும் இருந்தது, ஜெர்மனியின் வரைவும் இருந்தது. அந்த ஜெர்மன் வரைவு ஜெர்மனியிலேயே இன்னும் சட்டமாகவில்லை. தன் தாய்நாட்டில் அமலுக்கு வராததை இன்னொரு நாடு நம்பி எடுக்கலாமா?

நேரமும் ஓடியது. பழைய ஒப்பந்தத்துக்கு முடிவுகட்ட லண்டனோடு மறுபடி பேச்சைத் தொடங்க ஜப்பான் தயாராகிக்கொண்டிருந்தது. சட்டம் எங்கே என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும் என்பது மூவருக்கும் தெரியும். கையில் நான்கு வருடங்கள்கூட இல்லை.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிவுகள். ஒவ்வொன்றிலும் மூவரும் ஒத்துப்போகவேண்டும். இனி தோக்கியோவில் ஒருவர் தன் வீட்டை விற்றால், அது எந்தக் கணத்தில் வாங்கியவருடையதாகும்: பாரிஸ் சொன்ன கணத்திலா, பெர்லின் சொன்ன கணத்திலா?

(தொடரும்)